வடித்த நீரும் விடுத்த நீரும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

அருகன் திருவடி வாழ்க. 

ஆர்க்காட்டுக்குத் தெற்கே விளாப்பாக்கம் என்றோர் ஊர் உண்டு. பராந்தக சோழனின் 38ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று அவ்வூரில் உள்ளது. அதன் காலம் ஏறத்தாழக் கி.பி. 945. திருப்பான்மலை அரிட்டநேமி படாரரின் மாணாக்கியாகிய பட்டினிக் குரத்தி என்பவர் அங்கே கிணறு ஒன்று எடுப்பித்த செய்தியை அக்கல்வெட்டு கூறுகிறது. திருப்பான்மலை என்பது இன்று பஞ்சபாண்டவர் மலை என வழங்கும் குன்று. குரத்தி என்பது சமணத் துறவறத்தில் நின்ற பெண் ஆசிரியரைக் குறிக்கும் சொல். தமக்கென ஒரு பிடி மண்ணும் வைத்துக்கொள்ளாத அத்துறவியின் பெயர், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு கிணற்றின் பெயரால் நிற்கிறது.

அவ்வூரிலிருந்து வடக்கே சில கல் தொலைவில் பாலாறு. ஆற்றின் வடகரையில் இராணிப்பேட்டை. ஆற்றை ஒட்டி மேற்கே சென்றால் மேல்விசாரம், ஆம்பூர், வாணியம்பாடி. இவ்வூர்களைச் சூழ்ந்த சிற்றூர்கள் பலவற்றில் கிணறுகள் வற்றாமலேயே பாழாயின. கிணற்றில் நீர் இருந்தது. குடிக்க முடியவில்லை, பயிருக்குப் பாய்ச்சவும் முடியவில்லை. கிணறு எடுப்பிப்பது அறம் என்றால், பிறர் எடுப்பித்த கிணற்றைக் கெடுப்பது எவ்வகை வினை? அவ்வினையில் யார் யாருக்குப் பங்கு உண்டு? இவ்விரு வினாக்களே இன்றைய உரையின் பொருள்.

அவையோரே, சமண இல்லங்களில் நீரை வடித்து அருந்தும் வழக்கத்தை அறியாதார் இல்லை. குடத்தின் வாயில் இரட்டை மடிப்பாகத் துணி கட்டி, கிணற்று நீரை அதன்வழி வார்ப்பது பாட்டிமார் நாள்தோறும் செய்துவந்த பணி. நீரில் வாழும் நுண்ணுயிர்களுக்குத் தீங்கு நேரலாகாது என்பதே அதன் நோக்கம். ஆயினும் அவ்வழக்கத்தின் முற்பாதியே இன்று நினைவில் நிற்கிறது. பிற்பாதி மறைந்து வருகிறது. நீரை வடித்தபின் துணியை முற்றத்தில் உதறிவிடலாகாது. வடித்த நீரிலேயே சிறிதை அதன்மேல் வார்த்து, துணியில் தங்கிய உயிர்களை எந்தக் கிணற்றில் நீர் முகந்தனரோ அந்தக் கிணற்றுக்கே திரும்பச் சேர்க்க வேண்டும். உயரத்திலிருந்து வீசுதல் கூடாது. நீர்மட்டம் வரை இறக்கி மெல்ல விடவேண்டும். வேறொரு கிணற்றில் விடுதலும் கூடாது. ஒரு நீரில் பிறந்த உயிர் மற்றொரு நீரில் பிழைக்கும் என்ற உறுதி இல்லை.

இவ்வொழுக்கத்தின் நுட்பம் எண்ணத்தக்கது. நீரை எடுப்பவனுக்கு இரு கடமைகள் உண்டு. எடுக்கும்போது அளவோடும் கவனத்தோடும் எடுத்தல் ஒன்று. எஞ்சியதைத் தீங்கின்றி எடுத்த இடத்திற்கே திருப்பித் தருதல் மற்றொன்று. ஒரு குடம் நீருக்கே இத்தனை விதி வகுத்தவர்கள், நாள்தோறும் லட்சக்கணக்கான குடங்களை முகந்து, முகந்த நிலத்திற்கே நஞ்சாகத் திருப்பி விடும் செயலை எவ்வாறு கண்டிருப்பர் என்று சொல்ல வேண்டுவதில்லை. நீரில் உயிர் வாழ்கிறது என்பதோடு, நீரையே உடலாகக் கொண்ட ஓரறிவு உயிர்களும் உண்டு என்பது அருகன் ஆகமத்தின் கொள்கை. அக்கொள்கை உடையார்க்கு ஆற்று நீரும் கிணற்று நீரும் வெறும் பண்டங்கள் ஆகா.

பாலாறு கருநாடகத்தில் தோன்றி, ஆந்திரத்தின் ஒரு மூலையைக் கடந்து, தமிழ்நாட்டில் நெடுந்தொலைவு நடந்து, செங்கற்பட்டு மாவட்டத்து வயலூர் அருகே கடல் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அதன் மேற்பரப்பு வெறும் மணல். அதன் செல்வம் மணலுக்குக் கீழே இருந்தது. கரையோர உழவர் மணலில் ஊற்றுக்கால் வெட்டி நீரை வயலுக்கு நடத்தினர். ஆற்றின் இந்த இயல்பே பின்னாளில் அதற்குக் கேடாயிற்று. நிறைந்து ஓடும் ஆறு அழுக்கின் ஒரு பகுதியையேனும் கடலுக்குச் சுமந்து செல்லும். மணலுக்கடியில் மெல்ல ஊரும் ஆறோ, தன்மீது விடப்பட்டதை உள்வாங்கிக் கரையோரக் கிணறுகளுக்குப் பங்கிட்டுவிடும்.

தோல் பதனிடுதல் இப்பகுதிக்குப் புதிய தொழில் அன்று. முற்காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்டனர். அதிலும் நாற்றமும் அழுக்கும் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் மண்ணில் மட்கிப் போகக்கூடியவை. 1970களில் அரசின் ஏற்றுமதிக் கொள்கை மாறியது. பாதி பதனிட்ட தோலைவிட முழுதும் பதனிட்ட தோலையும் தோற்பொருளையும் வெளிநாட்டுக்கு விற்பதே ஊக்குவிக்கப்பட்டது. குரோமிய உப்பால் பதனிடும் முறை பெருகிற்று. அதில் வேலை விரைவில் முடியும், தோலும் மென்மையாகும். அதற்கு ஈடாக நீரும் வேதிப்பொருளும் மிகுதியாக வேண்டும்.

அழுகாமல் இருக்க உப்பிட்டு வந்த தோலை முதலில் நீரில் ஊறவைத்துக் கழுவுவர். அந்த உப்பெல்லாம் நீரில் இறங்கும். மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இடுவர். பின்னர் அமிலமும் மீண்டும் உப்பும், அதன்பின் குரோமியம், இறுதியில் சாயமும் எண்ணெயும் என ஒவ்வொரு படியிலும் ஒரு கழிவுநீர் வெளியேறும். ஒரு கிலோ தோலை முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், குரோமிய முறையில் சுமார் 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுகின்றன என்றும் உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே குறிக்கப்பட்டுள்ளது.

இக்கழிவு வயலில் பாய்ந்தால் நிகழ்வது என்ன? குரோமியம் என்ற பெயரே அச்சம் தருவதால் உப்பை எளிதாகக் கருதுவோர் உளர். உழவனின் நிலத்தைக் கொன்றதில் உப்புக்கே பெரும்பங்கு. நல்ல களிமண் பொலபொலவென்று இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து. உப்பிலுள்ள சோடியம் மிகும்போது சுண்ணாம்புச் சத்தைத் தள்ளிவிட்டுத் தான் அவ்விடத்தில் அமர்கிறது. மண்ணின் கட்டமைப்பு குலைகிறது. நனைந்தால் குழைந்து, காய்ந்தால் கல்லாய் இறுகுகிறது. மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்காது. வேரைச் சுற்றிலும் ஈரம் இருந்தும் பயிர் அதை உறிஞ்ச இயலாமல் வாடும். விதை முளைக்காது, முளைத்ததும் நிலைக்காது. நெல்லும் கரும்பும் வாழையும் செழித்த நிலங்கள் கரம்பாயின. தென்னை நின்றது; காய் சிறுத்தது.

குடிநீர்க்குரிய தரவரையறையில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது விதி. ஆலையிலிருந்து வெளிவிடும் நீருக்கு வகுத்த எல்லை 2,100. அதாவது, விதிப்படி நேர்மையாக விடப்பட்ட நீரும் குடிநீராகாது. விதியை மீறி விட்ட நீரின் நிலையைக் கேட்க வேண்டுவதில்லை. கிணறு கெட்ட ஊர்களில் அச்சுமை முதலில் பெண்களின் இடுப்பிலும் தலையிலும் ஏறியது. வீட்டு வாசலில் முகந்த நீரை ஊர் எல்லைக்கு அப்பால் தேடினர். பின்னர் லாரிக்குக் காத்திருந்தனர். கால்நடைகளுக்கோ காத்திருக்கும் வழியும் இல்லை; வாய்க்காலில் கிடைத்ததைக் குடித்தன.

இந்நிலையில் 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்சநீதிமன்றத்தை நாடியது. 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் ஆலைகள் சூழ்ந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம், அதாவது 86,000 ஏக்கருக்கும் மேல், பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்குத் தகுதியற்றுப் போயிற்று என்ற தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணிப்பை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. தோல் தொழில் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருவது உண்மையே. அதற்காக நிலத்தையும் நீரையும் மக்கள் நலத்தையும் அழிக்க அதற்கு உரிமை இல்லை என்றது. கெடுத்தவனே கேட்டின் விலையைத் தர வேண்டும் என்னும் நெறியும், கேடு வருமுன் காத்தல் வேண்டும் என்னும் நெறியும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. இன்று சட்டக் கல்லூரி மாணவர் எல்லாரும் படிக்கும் தீர்ப்பு அது.

தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 29,000க்கும் மேற்பட்டோரைப் பாதிக்கப்பட்டவர்களாகக் கண்டறிந்தது. 2001இலும் 2009இலும் இழப்பீட்டு ஆணைகள் வந்தன. அதன்பின் 2025 ஜனவரி 30 அன்று, அவ்விழப்பீடு கிடைக்காதவர்க்கு ஆறு வாரத்திற்குள் அரசு வழங்கிவிட்டு ஆலைகளிடம் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று அதே உச்சநீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள். வழக்குத் தொடங்கிய நாளில் நாற்பது வயது உழவனாக இருந்தவன் இன்று எழுபதைக் கடந்திருப்பான், இல்லையேல் இறந்திருப்பான். கிணற்றைக் கெடுக்கச் சில ஆண்டுகள் போதும். அதற்கு நீதி பெற ஒரு மனித வாழ்நாள் வேண்டியிருக்கிறது.

இதற்கிடையே எதுவும் செய்யப்படவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. கழிவுநீரைச் சவ்வுகளின் வழி அழுத்தி வடித்து மீண்டும் பயன்படுத்தும் முறையும் வந்தது. ஆனால் வடித்தபின் எஞ்சும் உப்புக்கும் சேற்றுக்கும் இடம் எங்கே? 2015 ஜனவரி இறுதியில் ஒரு நள்ளிரவில், இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. அடுத்திருந்த ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் அச்சேற்றில் மூழ்கி மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அதே ஊரில், மூடப்பட்ட வேதித் தொழிற்சாலை ஒன்று விட்டுச்சென்ற குரோமியக் கழிவு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து, மழைதோறும் மஞ்சள் நீராய்க் கசிந்துவந்தது. வடித்ததன் எச்சத்தை எங்கே விடுவது என்று எண்ணாமல் வடித்தால் விளைவது இதுவே. பாட்டிமார் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட அதே கேள்விக்குப் பெரிய ஆலைகளும் விடை காணவில்லை.

அவையோரே, இதுவரை கேட்டதில் ஓர் ஆபத்து உண்டு. தோல் தொழில் சமணர்க்கு விலக்கப்பட்டது. ஆகையால் இக்குற்றம் பிறருடையது என்று நெஞ்சம் எளிதில் அமைதி கொள்ளும். அவ்வமைதி பொய்யானது. அவ்வாலைகளில் முழங்கால் அளவு சுண்ணாம்பு நீரில் நின்று உழைப்பவர்கள் ஏழைகள். கெட்ட கிணறுகளை அடுத்து வாழ்பவர்களிலும் அவர்கள் உளர். அவர்களை வெறுப்பது அகிம்சை ஆகாது. வினையின் பங்கைச் சரியாக அளந்து அறிவதே அறம்.

இல்லறத்தான் இம்சையே இல்லாமல் வாழ இயலாது என்பதை ஆகமம் ஒப்புக்கொள்கிறது. இம்சையை நான்காகப் பகுக்கிறது: எண்ணித் துணிந்து செய்வது, வீட்டுப் பணிகளில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவதை இல்லறத்தான் முற்றும் நீக்க வேண்டும். ஏனையவற்றைக் குறைக்க வேண்டும். தமிழ்ச் சமணர் வழிவழியாக உழுது வாழ்ந்தவர்கள். ஏர்முனையில் புழுக்கள் மடியும் என்று அறிந்தே உழுதனர். அவ்வாறாயின், ஆலைக் கழிவும் தொழிலில் நேரும் இம்சைதானே என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி, விடை சொல்லியே ஆகவேண்டும்.

உழவன் புழுவைக் கொல்ல உழவில்லை. அதைத் தவிர்க்கும் வழியும் அவனிடம் இல்லை. மேலும், அவன் உழவால் வரும் விளைவை அவன் நிலமே தாங்குகிறது. கழிவைத் திறந்துவிடுபவன் நிலை வேறு. அடுத்த கிணறு கெடும் என்று அவன் அறிவான். தவிர்க்கும் வழியையும் அறிவான்; அதற்குப் பணம் செலவாகும் என்பதே தடை. அச்செலவை மிச்சப்படுத்தி, அதன் சுமையை அயலான் வயலில் இறக்குகிறான். அறிந்தும், தவிர்க்கக் கூடியதாய் இருந்தும், ஆதாயத்திற்காகச் செய்யும் தீங்கு தொழிலில் நேர்ந்த இம்சை என்னும் எல்லையைக் கடந்து, எண்ணித் துணிந்த இம்சையின் எல்லைக்குள் புகுந்துவிடுகிறது.

அதுவும் ஒரு விரதத்தோடு நிற்பதில்லை. அயலான் கிணற்றின் பயனைக் கவர்வது களவு. ஆய்வாளர் வரும் பகலில் தூய நீரையும் இரவில் கழிவையும் விடுவது பொய். இவை அனைத்திற்கும் வேராய் நிற்பது அளவிறந்த பொருளாசை. ஓர் இரவு ஒரு மதகைத் திறந்தால் ஐந்து அணுவிரதங்களில் நான்கு உடைகின்றன. 13ஆம் நூற்றாண்டில் ஆசாதரர் இயற்றிய சாகார தர்மாமிர்தத்தில் இல்லறத்தார் விலக்க வேண்டிய கொடுந்தொழில்கள் பதினைந்து எண்ணப்படுகின்றன. நஞ்சு விற்றலும் நீர்நிலைகளை வற்றச் செய்தலும் அவற்றுள் அடங்கும். ஆலைகளே இல்லாத காலத்தில், ஓர் ஏரியின் அழிவு ஒருவனுடைய தொழிலால் நேரக்கூடும் என்று அவர்கள் கண்டிருந்தனர்.

இரண்டாம் வினாவிற்கு வருவோம்: யார் யாருக்குப் பங்கு? செய்தல், செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூவகையாலும் வினை வந்து பொருந்தும் என்பது சமணத்தின் அடிப்படை. தோல் காலணியும் கைப்பையும் வாங்குவோர்க்கு இரண்டாம் வகையில் பங்கு உண்டு. தோலைத் தொடாதவரும் தப்பிவிட இயலாது. சாயமிட்ட துணியும் காகிதமும் மருந்தும் எங்கோ ஒரு நீரைச் செலவிட்டே வருகின்றன. மலிவாகக் கிடைத்த பொருளின் மீதி விலையை யாரோ ஓர் உழவன் தன் கிணற்றால் கொடுத்திருக்கக் கூடும். அறிந்தபின்னும் வாய்மூடி இருத்தல் மூன்றாம் வகை. அதற்குக் கையும் வேண்டா, காசும் வேண்டா. ஆகையால் அதுவே எல்லாரிடமும் எளிதில் வந்து தங்குகிறது.

இது தொலைவான செய்தி அன்று. செய்யாறு, வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டங்கள் தமிழ்ச் சமணர் தொன்றுதொட்டு உழுதுவரும் நிலங்கள். அவ்வட்டாரத்திலும் தொழிற்பேட்டைகள் எழுந்துள்ளன. செய்யாற்றை அடுத்த மேல்மாப் பகுதியில் தொழிற்பேட்டை விரிவாக்கத்திற்கு நிலம் எடுப்பதை எதிர்த்து 2023இல் உழவர்கள் போராடியதை நாடறியும். பிள்ளைகள் படித்துப் பட்டணம் சென்றனர். நிலம் குத்தகைக்குப் போயிற்று. நல்ல விலை வந்தால் விற்றுவிடலாம் என்ற எண்ணம் பல இல்லங்களில் உண்டு. விற்பது குற்றம் அன்று. தொழில் வருவதும் குற்றம் அன்று. ஊரார் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். ஆனால் கையெழுத்திடுமுன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று உள்ளன. அந்த ஆலைக்கு நீர் எங்கிருந்து வரும்? கழிவு எங்கே போகும்? அது போகும் வழியில் யாருடைய கிணறு இருக்கிறது? விற்றவர் சென்னைக்குப் போய்விடலாம். அடுத்த வயல்காரன் அங்கேயேதான் இருப்பான்.

இவ்விழாவில் ஒருவர் மேற்கொள்ளக்கூடிய விரதங்கள் சில உண்டு. நிலம் உடையவர்கள் கோடையிலும் மழைக்குப் பின்னும் தம் கிணற்று நீரையும் மண்ணையும் வேளாண்மைத் துறையின் பரிசோதனை நிலையத்தில் ஆய்ந்து, அச்சீட்டுகளை ஆண்டுவாரியாகப் பாதுகாக்க வேண்டும். கெட்டபின் நீதிமன்றத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி, கெடுமுன் எவ்வாறு இருந்தது என்பதே. பெரிய ஆலை அமையுமுன் நடைபெறும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்திற்குப் பட்டணத்தில் வாழ்பவரும் ஊருக்கு வந்து பங்கு கொள்ள வேண்டும். படித்தவர்கள் ஆய்வறிக்கையைப் படித்து ஊரார்க்குத் தமிழில் விளக்க வேண்டும். தொழில் நடத்துபவர்கள் தம் கழிவுநீர்க் கணக்கையும் வரவு செலவுக் கணக்கைப் போலவே மறைவின்றி வைக்க வேண்டும். வீட்டிலே, குடிநீர் இயந்திரம் ஒதுக்கித் தள்ளும் நீரையும் சோப்பு நீரையும் எங்கே விடுகிறோம் என்று இல்லத்தார் ஒருமுறை பின்தொடர்ந்து சென்று பார்க்க வேண்டும். நீர் வடிக்கும் துணி மறைந்துபோன வீடுகளிலும் அத்துணியின் பிற்பாதி அறத்தைக் காக்க வழி உண்டு.

பட்டினிக் குரத்தி கிணறு எடுப்பித்த நாளில், அதில் நீர் முகக்கப் போகிறவர்கள் யார் என்று அறிந்திருக்க மாட்டார். அவர்கள் எக்குலத்தார், எச்சமயத்தார் என்றும் கேட்டிருக்க மாட்டார். தாகம் உடையவர் எவரும் முகக்கலாம் என்று விட்டுச் சென்றார். முகம் அறியாத ஒருவருக்காகக் கிணறு எடுப்பித்த மரபில் வந்தவர்கள், முகம் அறியாத ஒருவருடைய கிணறு கெடும்போது பேசாதிருத்தல் ஆகாது. வீட்டுக் கிணற்றில் ஒரு குடம் நீர் முகக்கும் ஒவ்வொரு முறையும் அக்கடமை நினைவில் எழுமாக.

அருகன் அறம் ஓங்குக. எல்லா உயிரும் இன்புற்று வாழ்க.